இரைப்பைப் புற்றுநோயும் ஹெலிகோபேக்டர் பைலோரியும்
இரைப்பைப் புற்றுநோயின் காரணங்களைத் தேடிய ஆய்வு வரலாற்றில், ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவின் கண்டுபிடிப்பு ஒரு திருப்புமுனையாகும். இரைப்பையின் கடும் அமிலத்தில் பாக்டீரியா நிலைத்து வாழ இயலாது என்பதே அதுவரை பரவலாக நிலவிய கருத்து.

1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோயியல் வல்லுநர் ராபின் வாரன், அழற்சியுற்ற இரைப்பைத் திசுக்களில் வளைந்த வடிவப் பாக்டீரியாக்களைக் கண்டார். 1981இல் இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் இணைந்தார். இவற்றை ஆய்வகத்தில் வளர்க்கும் முயற்சிகள் தொடர்ந்து தோற்றன. 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் வளர்தட்டுகள் கூடுதல் நாட்கள் விடப்பட்டபோதே அவை வளர்ந்தன. பலர் ஏற்க மறுத்ததால், 1984இல் மார்ஷல் பாக்டீரியாக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி உண்டானது.

நீடித்த அழற்சியால் இரைப்பைச் சுரப்பிகள் நலிந்து, உட்சுவர் உயிரணுக்கள் மாறி, பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோய் தோன்றக்கூடும். 1994இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இப்பாக்டீரியாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதிக் காரணிகளில் சேர்த்தது.

2001இல் வெளியான ஜப்பானிய ஆய்வு, 1,526 நோயாளிகளைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் கண்காணித்தது. தொற்றுடைய 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் ஏற்பட்டது. தொற்றில்லாத 280 பேரில் ஒருவருக்கும் ஏற்படவில்லை. தொற்றுள்ள பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை என்பதையும் இதே எண்கள் காட்டுகின்றன. உப்பு மிகுந்த உணவு, புகைபிடித்தல், மரபுக்கூறு ஆகியவையும் இடரைக் கூட்டுகின்றன.

வாரனும் மார்ஷலும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளால் இத்தொற்றை நீக்கலாம் என்பதால், இரைப்பைப் புற்றுநோய் ஓரளவு தடுக்கக்கூடிய நோயாகியுள்ளது. 2013இல் ஜப்பான், இத்தொற்றால் வரும் இரைப்பை அழற்சிக்கான சிகிச்சையையும் தேசியக் காப்பீட்டில் சேர்த்தது.