தொண்டர் வரிசையில் மகளிர்: கல்லூரித் தொண்டமைப்புகளின் உறுப்புரிமை வரலாறு

பாண்டி நாட்டுப் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்று திருச்சுழியல். இந்நாளில் திருச்சுழி என வழங்கும் இவ்வூர், குண்டாற்றங்கரையில் வானம் பார்த்த புன்செய் நிலங்கள் சூழ அமைந்தது. இதனைப் பாடிய சுந்தரரே திருத்தொண்டத்தொகை என்னும் அடியார் வரிசையையும் யாத்தவர். அவ்வரிசையில் காரைக்காலம்மையாரும், மங்கையர்க்கரசியாரும், சுந்தரரின் தாயாராகிய இசைஞானியாரும் ஆடவரோடு ஒருங்கு எண்ணப்பெற்றனர். அறுபத்து மூவருள் மகளிர் மூவரே என்பது உண்மை. ஆயினும் அவர்க்கெனத் தனித்தொகை வகுக்கப்படவில்லை. தொண்டே தகுதியாகக் கொள்ளப்பட்டது. இக்காலக் கல்லூரித் தொண்டமைப்புகள் இந்நெறியை எவ்வாறு எய்தின, முழுதும் எய்தினவா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சகோதரக் கழகம்

கல்லூரி மாணவர் தொண்டுக்கெனச் சகோதரக் கழகம் அமைக்கும் வழக்கம் அமெரிக்க நாட்டிற்கு உரியது. அவற்றுள் பெயர்பெற்ற ஆல்ஃபா ஃபை ஒமேகா, 1925-இல் பென்சில்வேனியாவிலுள்ள லாஃபாயெட் கல்லூரியில் ஃபிராங்க் ரீட் ஹார்ட்டன் என்பாரால் தோற்றுவிக்கப்பட்டது. சாரணர் இயக்கக் கொள்கையே அதன் அடிப்படை. சாரணர் ஆடவராக இருந்தமையின் கழகத்தாரும் ஆடவராகவே இருந்தனர். தொண்டாற்ற விழைந்த மகளிர் 1952-இல் காமா சிக்மா சிக்மா என்னும் தனிக் கழகம் கண்டனர்.

1972-இல் இயற்றப்பெற்ற அமெரிக்கக் கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதி, அரசின் பொருளுதவி பெறும் கல்வி நிலையங்களில் பால்பற்றிய வேற்றுமையை விலக்கிற்று. 1974-இல் அதற்கு ஒரு விதிவிலக்குச் சேர்க்கப்பட்டது. கல்லூரிக் கழகங்களுள், தோழமைக்கென அமைந்தவற்றின் உறுப்புரிமைக்கே அவ்விலக்கு உரியது. கல்லூரித் தொண்டுக் கழகங்களை அது குறித்திலது. இவ்வேறுபாடு ஆழ்ந்து நோக்கத் தக்கது. தோழரைத் தேர்ந்துகொள்ளுதல் ஒருவர் விருப்பம் எனலாம். பிறர்க்குப் பணிசெய்யும் வாய்ப்பினை அவ்வாறு கூறல் இயலாது. 1976-இல் ஆல்ஃபா ஃபை ஒமேகா மகளிர்க்கு முழு உறுப்புரிமை வழங்கிற்று. எனினும் சில கிளைகள் ஆடவர் கிளைகளாகவே நீடித்தன. அந்நிலையை ஒழிக்கும் முடிவு 2006-ஆம் ஆண்டு மாநாட்டிலேதான் உறுதியாயிற்று. விதி மாறியபின் வழக்கம் மாற முப்பது ஆண்டு சென்றது என்க.

2. படையும் பணியும்

நம் நாட்டில் இவ்வரலாறு வேறு வழியிற் சென்றது. 1950-இல் தோன்றிய பாரத சாரணர் அமைப்போடு 1951-இல் சாரணியரும் இணைந்தனர். பிரிவுகள் வேறாயினும் அமைப்பு ஒன்றாயிற்று. 1948-ஆம் ஆண்டுத் தேசிய மாணவர் படைச் சட்டமோ ஆடவர்க்கும் மகளிர்க்கும் வெவ்வேறு பிரிவுகள் வகுத்தது. சீனப் படையெடுப்பின் பின்னர், 1963-இல் கல்லூரி ஆண் மாணவர்க்கு அப்பயிற்சி கட்டாயமாயிற்று. 1968-இல் கட்டாயம் நீங்கிற்று.

கட்டாயம் நீங்கவே, மாணவர்க்கு வேறொரு வழி வகுத்தல் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. அதன் பயனாகக் காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் தொண்டர் வரிசை இருபாலார்க்கும் ஒன்றே. இதன் காரணம் வெளிப்படை. படையை மாதிரியாகக் கொண்ட அமைப்பு பால்வரையறையை உடன்கொணர்ந்தது. சிற்றூர்ப் பணியை மாதிரியாகக் கொண்ட அமைப்புக்கு அவ்வரையறை வேண்டாதாயிற்று.

இரண்டாகப் பகுத்த பகுப்பே பின்னர் வேறொரு வினாவை எழுப்பிற்று. திருநங்கை ஒருவரை மகளிர் பிரிவில் சேர்க்கலாமோ என்னும் வழக்கில், அவர் சேரத் தகுதியுடையர் எனக் கேரள உயர்நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. பகுப்பு இல்லாத இடத்தில் இவ்வினாவே எழுதற்கு இடமில்லை.

3. வறள்நிலம் காட்டும் சான்று

சிற்றூர்ப் பணிக்கு மகளிர் ஏன் இன்றியமையாதவர் என்பதைத் திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் நன்கு உணர்த்தும். இங்குக் கண்மாயும் ஊருணியுமே உயிர்நாடி. ஊருணியைத் தூர்வாருதல் ஆடவர் பணி எனக் கருதப்படலாம். அதில் நீர் முகந்து சுமப்போர் மகளிரே. எத்துறையில் வழுக்கும், எத்திங்களில் நீர் வற்றும் என்பதை அவரே அறிவர். மகப்பேறு, குழந்தை நலம் முதலியன பற்றி வீட்டுப் பெண்டிர் அயல் இளைஞரிடம் மனந்திறந்து பேசார், மாணவியரிடம் பேசுவர். ஆதலின் மாணவியர் இல்லாத தொண்டர் குழு ஊரின் பாதியையே காணும்.

மற்றொரு வறள்நிலமாகிய புதுக்கோட்டையில், 1991-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த அறிவொளி இயக்கத்தில் மகளிர் பெருந்திரளாகத் தொண்டாற்றினர். மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். எழுத்தறிவுப் பணியோடு ஊர்விட்டு ஊர்செல்லும் உரிமையும் அவர்க்குக் கைகூடிற்று. தொண்டு, பெறுவோரை மட்டுமன்றிச் செய்வோரையும் உயர்த்தும் என்பதற்கு இது சான்றாம்.

4. எஞ்சிய வாயில்

உறுப்புரிமைக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று விதி, மற்றொன்று நடைமுறை. நாட்டு நலப்பணித் திட்டத்தின் முழுச் சான்றிதழ் பெற, ஈராண்டில் 240 மணிநேரப் பணியும் ஏழுநாள் சிறப்பு முகாமும் வேண்டும். பகற்பணிக்கு இசையும் பெற்றோர் பலர் இரவுத் தங்கலுக்கு இசைவதில்லை. இந்நிலையில் மாணவி மணிநேரம் அனைத்தும் நிறைவேற்றியும் முகாமின்றி நின்றுவிடுவாள். அவளைத் தடுத்தது விதியன்று. கதவுடைய தங்குமிடமும், கழிப்பறையும், உடன்தங்கும் ஆசிரியையும் இல்லாமையே ஆகும். இவற்றை அமைத்தல் சலுகையன்று. முன்னரே வழங்கிய உரிமையை மெய்யாக்குதலாம்.

இதுகாறும் கூறியவாற்றான், பெயர்ப்பட்டியலில் இடந்தருதல் தொடக்கமே என்பதும், பணிக்களத்தில் இடந்தருதலே நிறைவு என்பதும் பெறப்படும். தொண்டர் வரிசையைப் பால்நோக்காது தொகுத்த புலவர் பாடிய ஊர்ப்புறத்தே, அவ்வரிசை களத்திலும் நிறைவுறுதல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.