ஆமணக்கெண்ணெயும் பிறேக் கிறீசும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி ஊடாகப் புல்மோட்டை செல்லும் வீதியில், திரியாயை அண்மித்தபோது நாம் சென்ற வானின் முன் சில்லொன்றிலிருந்து தீய்ந்த வாடை எழுந்தது. பிறேக் பிடித்தபடியே இருந்தது. சில வாரங்களுக்கு முன் கராச் ஒன்றில், சில்லுப் பேரிங்குக்கு இடும் சாதாரண கிறீசையே கலிப்பர் நகர்ந்து செல்லும் பின்களுக்கும் பூசியிருந்தார்கள். கிறீசிலிருந்த பெற்றோலிய எண்ணெய் றப்பர் உறைகளை ஊதச் செய்ய, பின்கள் இறுகிவிட்டன.

சில்லு ஆறும்வரை வீதியோரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அருகிலுள்ள குன்றில் கிரிகண்டி சைத்தியமும், பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட சமஸ்கிருதக் கல்வெட்டும் உள்ளன. கடலோடிய வணிகர் கூட்டத்தாரை அக்கல்வெட்டு போற்றுகின்றது. அவர்தம் பொதிகளைச் சுமந்த வண்டில்களுக்கு என்ன எண்ணெய் இட்டார்கள் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை!

ஆனால் நம் முன்னோர் வண்டில் அச்சுக்கு இட்ட மையை மூத்த வாசகர்கள் அறிவார்கள். வைக்கோலை எரித்த கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து, மூங்கிற் குழாயில் அடைத்து வண்டிலின் அடியிலே தொங்கவிடுவார்கள். அதே எண்ணெய் மோட்டார் யுகத்திலும் புகுந்தது. 1909இல் வேக்ஃபீல்ட் நிறுவனம் தன் எண்ணெய்க்குச் சூட்டிய 'காஸ்ட்ரோல்' என்னும் பெயர், ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே.

மல்கம் லோஹெட் 1917இல் திரவ பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் டியூசன்பேர்க் கார் நான்கு சில்லுகளிலும் அதனைப் பொருத்தி வந்தது. குழாய்களில் ஓடிய திரவத்தை அக்காலத்தில் அடைத்து நின்றது இயற்கை றப்பர். பெற்றோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிக் கெடும். ஆமணக்கெண்ணெய் அதற்குத் தீங்கு செய்யாது. ஆகவே ஆமணக்கெண்ணெயோடு அற்ககோல் கலந்த திரவமே நெடுங்காலம் பிறேக்குகளில் ஓடியது. இலங்கை வீதிகளில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் காலமும் அதுவே.

தட்டு பிறேக்குக்கு இங்கிலாந்தின் லான்செஸ்ரர் 1902இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் 1953இல் லு மான் பந்தயத்தில் ஜகுவார் வென்ற பின்னரே உலகம் அதனைக் கவனித்தது. 1955இல் சித்ரோவன் டி.எஸ். காரில் அது வந்தது. கலிப்பர் கடும் வெப்பத்தைத் தாங்க வேண்டும். உள்ளே றப்பரும் உண்டு. இன்றைய செயற்கை றப்பருக்கும் பெற்றோலியம் ஆகாது. நகரும் பின்களுக்குச் சிலிக்கோன் கிறீஸ்; பிஸ்ரன் றப்பருக்குத் தாவர எண்ணெயில் செய்த சிவப்பு றப்பர் கிறீஸ்; பாட்டின் முதுகுத் தகட்டுக்கு வெப்பம் தாங்கும் செரமிக் கிறீஸ். பாட் தட்டை உரசும் முகத்தில் எதுவுமே படலாகாது. செப்புக் கிறீசைப் பலர் விரும்புவர். ஆனால் உப்புக் காற்று வீசும் திரியாய் போன்ற கரையோரத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். நான் அதனைத் தவிர்ப்பேன்.

1985இல் திரியாய் மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தனர். பல்லாண்டுகள் ஊர் வெறுமையாய்க் கிடந்தது. திரும்பி வந்தவர்கள் திருகோணமலை வைத்தியசாலைக்குச் செல்ல ஏறக்குறைய 45 கிலோமீற்றர் ஓட வேண்டும். நோயாளியோடு விரையும் வாகனத்தில் பிறேக் இறுகினால் என்னாவது?

சாரதி பின்களைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டினார். மெதுவாகவே திரும்பினோம். அவருடைய இருக்கையின் கீழே கிடந்த கிறீஸ் டின்னில், எல்லாத் தேவைகளுக்கும் உகந்தது என்று அச்சிடப்பட்டிருந்தது.