புலிகேசிக்கு ஒரு ஜம்போ இல்லை

சென்ற வாரம் ஏர் இந்தியாவின் ‘ஆக்ரா’ என்ற போயிங் 747 ஜம்போ விமானத்தை மும்பை ஓடுபாதையில் நிறுத்தியிருந்தோம். 2024 ஏப்ரல் 22, காலை நேரம். உள்ளே பயணி ஒருவர்கூட இல்லை. போகுமிடம் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பிளெயின்பீல்டு. அங்கே அதைப் பிரித்து உதிரிகளாக விற்கப்போகிறார்கள். ஏர் இந்தியா ஏன் அந்த முடிவுக்கு வந்தது என்பதை இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன்.

அதற்குள் மேல்விஷாரத்திலிருந்து ஒரு தொலைபேசி. தோல் ஷாப்பு நடத்தி ஓய்ந்த பெரியவர். அவருடைய அத்தா பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவராம். நாள்கணக்கில் கடல். அந்தக் கப்பல் பயணங்கள் 1995-இல் நின்றுபோயின. மகனான இவர் ஜம்போவில் ஜித்தா போனார், சில மணி நேரத்தில். அதற்குமுன் தோல் சாம்பிள் பெட்டியோடு ஜெர்மனிக்கும் ஜம்போவில் போயிருக்கிறார்.

“தம்பி, நான் ஏறின ஜம்போவோட மூக்குல நரசிம்மவர்மன்னு எழுதியிருந்துச்சு. நீங்க அசோகர், கனிஷ்கர்னு எழுதுறீங்க. நம்ம ஊர் ராஜா பேரைச் சொல்லவே இல்லையே?”

நியாயமான கேள்வி. இந்த வாரம் அதற்குத்தான்.

1971-இல் முதல் ஜம்போ வந்தபோது ஏர் இந்தியா அதற்கு ‘பேரரசர் அசோகர்’ என்று பெயரிட்டது. ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தானத்து மாடங்களைப் போலச் சிவப்பு வளைவுகள் தீட்டப்பட்டன; வெளியிலிருந்து பார்த்தால் அரண்மனை வரிசை. ஜே.ஆர்.டி. டாடாவின் காலம் அது. பின்னால் வந்த ஜம்போக்களுக்கும் மன்னர்களின் பெயர்களே: ஷாஜஹான், ராஜேந்திர சோழன், விக்கிரமாதித்தன், அக்பர், சந்திரகுப்தர், கனிஷ்கர், கிருஷ்ணதேவராயர், சமுத்திரகுப்தர், மகேந்திரவர்மன், ஹர்ஷவர்த்தனர். 1988-இல் வந்த இரண்டு 747-300 விமானங்களுக்கு சிவாஜி, நரசிம்மவர்மன்.

ராஜேந்திர சோழனைச் சேர்த்ததில் வியப்பில்லை. கடல் கடந்து கடாரம் கொண்டவன் கண்டம் தாண்டும் விமானத்துக்குப் பொருத்தமானவன். என்னைப் பிடித்து இழுப்பது மகேந்திரவர்மன்தான்.

மேல்விஷாரம் இருக்கும் ராணிப்பேட்டை மாவட்டத்திலேயே, நெமிலி பக்கம், மகேந்திரவாடி என்ற ஊர் உண்டு. ஏரிக்கரையில் தனித்து நிற்கும் ஒரு பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்தான் மகேந்திரன். ஊருக்கும் ஏரிக்கும் கோயிலுக்கும் தன் பெயரையே வைத்தான். மகேந்திரபுரம், மகேந்திர தடாகம், மகேந்திர விஷ்ணுகிருகம். ஆணவம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வறண்ட பூமியில் ஏரி வெட்டியவன் தன் பெயரை அதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பான்?

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் இருக்கிறது அவனுடைய இன்னொரு குடைவரை. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் விசித்திரசித்தன் எடுத்த கோயில் அது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது அவனே சூட்டிக்கொண்ட பட்டம். உலோகத்தை ஒதுக்கியதைப் பெருமையாகக் கல்லில் பொறித்தவனின் பெயர், பதின்மூன்று நூற்றாண்டு கழித்து, முழுக்க உலோகத்தாலான பறவையின் மூக்கில் ஏறியது. 747-400 ரகத்தில் மட்டும் 66 டன் அலுமினியம் இருக்கிறது. 60 லட்சம் உதிரிபாகங்கள், அதில் பாதி இணைப்பாணிகள். காபாலிகனையும் பௌத்தத் துறவியையும் காஞ்சித் தெருவில் சண்டையிட வைத்து ‘மத்தவிலாசப் பிரகசனம்’ எழுதியவன் இதைக் கேட்டால் ரசித்திருப்பான்.

இனி போருக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் பெரியவரின் கேள்விக்குப் பதிலில்லை.

மகேந்திரனின் ஜம்போவும் ஹர்ஷரின் ஜம்போவும் அடுத்தடுத்த பதிவெழுத்துகள் கொண்டவை. இ.ஜி.பி. மகேந்திரன், இ.ஜி.சி. ஹர்ஷர். இருவரும் ஒரே காலத்தவர்கள். இருவரும் ஒரே மனிதனிடம் அடி வாங்கியவர்கள். வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி! நர்மதைக்குத் தெற்கே ஹர்ஷரை வரவிடாமல் தடுத்தான். கி.பி. 634-இல் பொறிக்கப்பட்ட ஐஹொளே கல்வெட்டு, ஹர்ஷர் என்ற பெயரின் பொருளை வைத்தே அவரைக் கேலி செய்கிறது. அதே கல்வெட்டின்படி, பல்லவன் காஞ்சிக் கோட்டை மதிலுக்குப் பின்னே ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று. பல்லவர்களின் காசாக்குடிச் செப்பேடோ மகேந்திரன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகச் சொல்கிறது. எது உண்மை? கோட்டை விழவில்லை, ஆனால் நாட்டின் வடபகுதி கைவிட்டுப்போனது. தோல்விதான் என்பேன். அதனால் மகேந்திரன் எனக்குச் சிறியவனாகிவிடவில்லை.

கணக்கைத் தீர்த்தவன் மகன். பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என மூன்று களங்களில் புலிகேசியைப் புறங்காட்ட வைத்தான் நரசிம்மவர்மன். பிறகு 642-இல் படை வாதாபிக்கே போனது. தலைநகர் விழுந்தது. வாதாபிகொண்டான் என்ற பட்டத்தோடு திரும்பிய அவனுடைய கல்வெட்டு இன்றும் பாதாமியில் (அன்றைய வாதாபி) பாறையில் இருக்கிறது. ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாதாபியிலிருந்து யானைகளையும் குதிரைகளையும் நவமணிகளையும் தளபதி பரஞ்சோதி வாரிக்கொண்டு வந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். பிற்காலத்தில் சிறுத்தொண்டரானவர் அந்தப் பரஞ்சோதி. ஜம்போ என்பதும் ஒரு யானையின் பெயர்தான். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஆப்பிரிக்க யானை. நரசிம்மவர்மன் என்ற ஜம்போ பாதி ஆட்கள், பாதி சரக்கு ஏற்றும் ரகம். பிரதான தளத்திலேயே முன்னால் பயணிகள், தடுப்புக்குப் பின்னால் மூட்டைகளும் பெட்டிகளும். வாதாபியிலிருந்து திரும்பிய படையும் அப்படித்தான் வந்திருக்கும்.

தோற்ற இருவருக்கும் விமானம் கிடைத்தது. வென்ற மகனுக்கும் கிடைத்தது. முதல் இருவரையும் நடுங்க வைத்த புலிகேசிக்குக் கிடைக்கவில்லை. காஞ்சியைச் சூழ்ந்தவன் என்ற வகையில் அவன் எனக்கு வில்லன்தான். ஆனாலும் நர்மதை முதல் காஞ்சி வாசல்வரை ஆட்டிப்படைத்தவனை விட்டுவிட்டு வானத்துப் பேரரசர் பட்டியல் போட்டது அநியாயம்.

பேரரசர்களின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. அசோகர் 1978 புத்தாண்டு இரவில் பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய சில நிமிடங்களுக்குள் பாந்த்ரா கடலில் விழுந்தார், 213 உயிர்கள். கனிஷ்கர் 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக்கு அப்பால் குண்டுவெடித்துச் சிதறினார், 329 உயிர்கள். விக்கிரமாதித்தர் 1990-இல் டெல்லியில் இறங்கும்போது தீப்பிடித்தார். நல்லவேளை, யாரும் சாகவில்லை. அந்த வரிசைக்குப் பின் வந்த 747-400 விமானங்களுக்கு ஊர்ப் பெயர்கள்: கொனார்க், தஞ்சாவூர், கஜுராஹோ, அஜந்தா, ஆக்ரா, பழைய கோவா. 2020 பிப்ரவரி முதல் நாள், கொரோனா பரவிய வூஹானிலிருந்து 324 இந்தியர்களை டெல்லிக்குக் கொண்டுவந்ததும் ஒரு ஜம்போதான். அடுத்த ஆண்டு மார்ச்சில் டெல்லி–மும்பைத் தடத்தோடு பயணிகள் சேவை முடிந்தது. நான்கு இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு இன்ஜினோடு அதே தூரம் போகும் விமானங்கள் வந்துவிட்டன.

இதையெல்லாம் பெரியவரிடம் தொலைபேசியிலேயே சொன்னேன். ஆக்ராவை என்ன செய்வார்கள் என்று கேட்டார். இன்ஜினைத் தனியே, சக்கரக் கால்களைத் தனியே, விமானி அறைக் கருவிகளைத் தனியே கழற்றி விற்பார்கள் என்றேன்.

“எங்க தொழில் மாதிரிதான். தோல்ல வழிச்சு எடுக்கிற சதையைக்கூட வஜ்ஜிரம் காய்ச்சக் கொடுத்துடுவோம். ஒண்ணும் வீணாப் போகாது. ஆனா ஒண்ணையாவது முழுசா வச்சிருக்கலாம், தம்பி. பேரப்பிள்ளைங்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன்.”

அவர் கேட்டது பெரிய விஷயமில்லை. உலகின் முதல் 747 அமெரிக்காவின் சியாட்டில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியர்கள் தங்கள் ஜம்போக்களில் ஒன்றை லாங்ரீச்சில் வைத்திருக்கிறார்கள். ஆக்ராவை மும்பையிலேயே நிறுத்தி வைத்திருந்தால் அந்தப் பெரியவர் ரயிலேறிப் போய்ப் பார்த்திருப்பார்.

நம் கதையில் ஆக்ரா இன்னும் ஓடுபாதையில்தான் நிற்கிறது. எழும்பியதும் விமானிகள் அதை ஒருமுறை பக்கவாட்டில் சாய்த்துச் சிறகசைத்தார்கள். அந்த நிமிடத்தை அடுத்த வாரம் முழுதாகச் சொல்கிறேன்.

(தொடரும்)