நிழலெழுத்து

பழைய மருத்துவப் புத்தகங்களிலும், வயசை நிர்ணயிக்கிற கோர்ட் தீர்ப்புகளிலும் ஸ்கையாகிராம் என்றொரு வார்த்தை வரும். வேறொன்றுமில்லை, நம்ம எக்ஸ்ரே படம்தான். கிரேக்கத்தில் ஸ்கியா என்றால் நிழல். பின்பாதிக்கு எழுதப்பட்டது என்று பொருள். ஆக, நிழலெழுத்து.

1895 நவம்பரில் ரான்ட்ஜன் கண்ட கதிருக்குச் சுருக்கமாக இருக்கட்டும் என்று அவரே 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார். தற்காலிகமாக வைத்த பெயர் கடைசிவரை ஒட்டிக்கொள்வது என் தொழிலில் தினமும் நடப்பதுதான். ஆனால் 1896 மே மாதம் லண்டனில் சிட்னி ரோலண்ட் தொடங்கிய உலகின் முதல் எக்ஸ்ரே இதழின் தலைப்பில் இருந்தது 'ஸ்கையாகிராஃபி'. அது சரியான பெயர். எலும்பு கதிரை மறிக்கிறது; மறித்த இடம் ஃபிலிமில் வெள்ளையாக நிற்கிறது. நாம் பார்ப்பது எலும்பை இல்லை, அதன் நிழலை.

அந்த நிழலை வாசிக்கத் தெரிந்தவர்கள் சென்னையிலும் இருந்தார்கள். பொது மருத்துவமனையின் பர்னார்ட் கதிரியக்க நிலையத்துக்குப் பெயர் தந்த கேப்டன் பர்னார்ட் அவர்களில் ஒருவர். ஷார்ட், மெக்ராபர்ட், மன்னாடி நாயர் ஆகியோருடன் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் ஃப்ளூரோசிஸ் பரவியிருப்பது பற்றி 1937-இல் அவர் கட்டுரை எழுதினார். தண்ணீரிலுள்ள ஃப்ளூரைடு வருஷக்கணக்கில் எலும்பில் படிகிற நோய் அது. எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்தைவிட வெளுத்துத் தெரியும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வுகூடச் சுண்ணாம்பேறி நிழல் விழும்.

எங்க தருமபுரி அப்போது அதே மாகாணத்தில், சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. பாறையிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து கிணற்றிலும் போரிலும் இறங்குகிற ஊர். பல்லில் பழுப்புக் கறை, மடக்க முடியாத முழங்கால், நிமிராத முதுகு: இதையெல்லாம் "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் கடந்தவர்கள் எத்தனையோ பேர். காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013-இல். அந்தக் கட்டுரை வந்து 76 வருஷம் ஆகியிருந்தது.

நல்ல தண்ணி வந்தால் புதிதாகப் படிவது குறையும். ஏற்கெனவே இறுகிப்போன எலும்பு பழையபடி ஆகாது. "எக்ஸ்ரே புடிச்சுட்டு வாங்க" என்று டாக்டர் சொல்லி, படத்தில் அந்த வெளுப்பு தெரியும்போது, நிழல் ரொம்பத் தாமதமாகத்தான் விழுந்திருக்கும். அதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தால் போதும்.