ஏழு அநாதைகளும் ஒரு நிலமும்

அமெரிக்காவின் மேற்குத் திசைக் குடியேற்றக் கதைகளுள் சேகர் குடும்பத்துக் குழந்தைகளின் கதை புகழ்பெற்றது. 1844 இல், மிசூரியிலிருந்து மாட்டுவண்டியில் ஒறிகனை நோக்கிப் புறப்பட்ட ஹென்றி சேகரும் மனைவி நயோமியும், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில் வழியிலேயே மாண்டனர். எஞ்சியவர் ஏழு பிள்ளைகள். கடைசிப் பெண் பிரயாணத்தின்போது பிறந்த கைக்குழந்தை.

மூத்தவன் ஜோன் தன் உடன்பிறந்தாரைத் தனியனாக மலைகடத்திச் சென்றான் என 1949 இல் வெளிவந்த டச்சுச் சிறுவர் நாவலொன்று சித்திரிக்கிறது. நடந்தது வேறு. வண்டித் தொடரின் தலைவர் வில்லியம் ஷோவும் அவர் மனைவியும் பிள்ளைகளைப் பொறுப்பேற்றனர். உடன்வந்த பெண்கள் கைக்குழந்தையைப் பேணினர். வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டுக் கால் முறிந்த கதரீனை ஜெர்மானிய வைத்தியர் ஒருவர் பராமரித்தார். தனிமனித வீரத்தைப் பாடும் கற்பனை, உழைப்பாளர் கூட்டத்தின் பரிவை மறைத்துவிட்டது.

அவ்வாண்டின் இறுதிக்குள் விட்மன் தம்பதியரின் மிஷனில் பிள்ளைகளுக்குப் புகலிடம் கிடைத்தது. அந்த வீடு யாருடைய மண்ணில் நின்றது? 1836 இல் நிறுவப்பட்ட அம்மிஷன் நின்றது கயூஸ் மக்களின் நிலத்தில். ஆண்டுதோறும் வண்டிகள் பெருகின. 1847 இல் சின்னமுத்து நோய் பரவியது. அதனை முன்பின் அறியாத கயூஸ் மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மடிந்தனர். வெள்ளையரிற் பலர் பிழைத்தெழ, தம் குழந்தைகள் சாவதைக் கண்டவர்கள், வைத்தியரான விட்மன் நஞ்சூட்டுகிறார் என ஐயுற்றனர். நவம்பர் 29 இல் வெடித்த வன்முறையில் விட்மன் தம்பதியர் உட்படப் பதின்மூவர் கொல்லப்பட்டனர். ஜோனும் அவன் தம்பி பிரான்சிஸும் அவர்களுள் அடங்குவர். சிறைப்பட்டிருந்த நாட்களில் தங்கையொருத்தி சின்னமுத்துக்குப் பலியானாள். மீட்கப்பட்ட நான்கு சகோதரிகளும் வெவ்வேறு குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

1850 ஜூனில் கயூஸ் இனத்தவர் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், ஒறிகனில் ஏற்கெனவே குடியேறியிருந்த வெள்ளையருக்கு 320 ஏக்கரும், மணமானவராயின் மனைவிக்கு மேலும் 320 ஏக்கரும் இலவசமாக வழங்கியது. 1855 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் கயூஸ், உமற்றில்லா, வல்லா வல்லா மக்கள் இழந்த நிலம் ஏறக்குறைய 64 இலட்சம் ஏக்கர்.

கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. வீடு தேடிய குழந்தைகள் குற்றமற்றவர்கள். அவர்களை அங்கு கொண்டுசேர்த்த நிலவேட்கையே விசாரணைக்குரியது. எழுவரின் பெயர்களையும் சரித்திரம் பொறித்து வைத்துள்ளது. அதே நோயால் பெற்றோரை இழந்த கயூஸ் சிறுவர்களுக்கு எந்த நாவல் எழுந்தது? இக்கதையை வகுப்பறையில் எடுத்துரைக்கும் ஆசிரியர், அந்தச் சிறுவர்களையும் மாணவர்முன் நிறுத்துதல் வேண்டும்.