வெண்ணெய் யார் வீட்டில் திரண்டது?

1936 ஏப்ரல். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா என்றொரு கிராமம். யாத்திரை போய்த் திரும்பிய தீண்டப்படாதவர் ஒருவர் தம் மக்களை அழைத்து விருந்து வைத்தார். விருந்தில் நெய் பரிமாறப்பட்டது. அதுதான் குற்றம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து உணவைப் பாழாக்கி, விருந்தினரை அடித்து விரட்டினார்கள். அம்பேத்கர் தம் 'சாதி ஒழிப்பு' உரையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். லாகூரில் பேச முடியாமல் போய், தம் சொந்தச் செலவில் அவர் அச்சிட்டாரே, அதே உரைதான்.

நெய் யாருடைய காசில் வாங்கியது என்று அடித்தவர்கள் கேட்கவில்லை. யார் இலையில் விழுந்தது என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை.

தோழர்களே, இதை வெறும் உணவுத் தடையாக மட்டும் படித்துவிடாதீர்கள். வெண்ணெய்க்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பசும்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 விழுக்காடு. ஒரு கிலோ வெண்ணெய் எடுக்கச் சுமார் 20 லிட்டர் பால் வேண்டும். எருமைப்பால் என்றால் 12 லிட்டருக்கு மேல். அதாவது சொந்தக் கறவை மாடு, அதற்கு வைக்கோல், வைக்கோலுக்கு நிலம், பாலை உடனே விற்றுவிடாமல் தயிராக நிறுத்திவைக்கும் வசதி, கடைய நேரம். நிலம் மறுக்கப்பட்டவர் வீட்டில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே கிடையாது.

நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெயில் ஏறினால் வெண்ணெய் இளகிவிடும். அதனால்தான் விடியற்காலைக் குளிர்ச்சியில் தயிர் கடைவார்கள். அந்த நேரத்தில் நம் பாட்டிமார் எங்கே இருந்தார்கள்? பண்ணையார் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் மத்து சுழல வேண்டுமானால் இன்னொரு வீட்டுப் பெண் விடியுமுன் தன் குடிசையை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

இது பொருளாதாரத்தால் தானாக அமைந்துவிட்ட நிலை என்று சொல்பவர்களுக்கு இராமநாதபுரம் வரலாறு பதில் சொல்லும். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது என்பது அதில் ஒன்று. 1931 ஜூனில் அது பதினொன்றாக வளர்ந்தது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. மிராசுதார்களின் மாடுகளை மேய்க்க மட்டுமே செய்ய வேண்டும். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிரிடக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் இவற்றைத் தம் நூலில் வரிசையாகத் தந்திருக்கிறார். மாடு மேய்ப்பது தடை அல்ல, கட்டாயம் என்பதைக் கவனியுங்கள். மேய்ப்பது நம் வேலை. செத்தால் தூக்கிப் போடுவதும் நம் தலையில். இடையில் இருக்கும் பால், தயிர், வெண்ணெய், நெய் மட்டும் வேறு வீட்டுச் சொத்து. மோர் கிடைத்திருக்கிறது, உண்மைதான்; வெண்ணெய் எடுத்த பிறகு, தூரத்தில் நின்றவர் பாத்திரத்தில் உயரத்திலிருந்து ஊற்றப்பட்டு.

'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததுபோல' என்று பழமொழி உண்டு. தாழி இருந்த வீட்டில் பிறந்த பழமொழி அது. மராத்வாடா தலித் சமையலைப் பற்றி ஷாஹு பட்டோலே 2015இல் மராத்தியில் எழுதிய நூலைப் பாருங்கள். நெய்யும் பாலும் இல்லாத சமையல் அது. அந்த இல்லாமையும் வரலாற்று ஆவணம்தான்.

நான் வேலை செய்யும் பகுதியில் மகளிர் குழுக் கடனில் எருமை வாங்கிய அக்கா ஒருவர் போன வருடம் முதன்முதலாக வீட்டில் வெண்ணெய் எடுத்தார். அவருடைய அம்மா நாற்பது வருடம் மாட்டுத் தொழுவத்தில் உழைத்தவர். சினை பிடித்ததைப் பார்வையிலேயே சொல்லிவிடுவார், மடி வீங்கினால் என்ன செய்வது என்று தெரியும். தயிரை எந்த நேரத்தில் கடைய வேண்டும் என்பது மட்டும் தெரியாது. கொல்லைப்புறத்தைத் தாண்டி அவரை யாரும் உள்ளே விட்டதில்லை. மகள் நடுப்பகலில் பருப்பு மத்தால் கடைந்து பார்த்தார். இளகிக் கிடந்ததே தவிரத் திரளவில்லை. மறுநாள் விடியலில் பானைத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் கடைந்தார். எலுமிச்சை அளவு திரண்டது. அறிவும் சொத்துதான் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

கூட்டுறவுச் சங்கம் வந்தால் இதெல்லாம் மாறிவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. 1946இல் கேடா மாவட்டத்தில் அமுல் தொடங்கியது, 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் வந்தது. பல லட்சம் சிறு விவசாயிகள் கையில் காசு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் வெளியான 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' என்ற ஆய்வு நூல், பால் கூட்டுறவுச் சங்கம் இருந்த கிராமங்களில் ஏறக்குறைய பாதியில் தலித்துகள் அங்கே பால் விற்க முடியவில்லை என்கிறது. மேய்த்த கை, கழுவிய கை, கறந்து கொண்டுவந்தால் தீட்டு.

அந்த அக்காவின் பாலைச் சங்கம் வாங்கிக்கொள்கிறது. கேனில் எல்லார் பாலும் கலந்துவிடுகிறது, யாருடையது என்று தெரியாது. வெண்ணெய் அப்படி இல்லை. அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஊர்த்தெருவில் மூன்று வீடுகளில் கேட்டுப் பார்த்தார். மூன்று வீட்டிலும் இன்றைக்கு வேண்டாம் என்றார்கள். காலனியிலேயே விற்றுத் தீர்ந்தது.