வாரம் ஒரு சிறு அளவு மருந்து: மதுரை ஆய்வு சொன்ன உண்மை

மாலை மங்கியதும் குழந்தை தடுமாறினால், அதை மாலைக்கண் என்றனர் நம் முன்னோர். பண்டைய எகிப்தியரும் கிரேக்கரும் அதற்கு ஈரலையே மருந்தாகக் கொடுத்தனர். ஈரலில் உள்ள வைட்டமின் ஏ தான் காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. அச்சத்து குறைந்தால் கண் வறண்டு, கருவிழி கரைந்து, பார்வையே பறிபோகும்.

கோரிப்பாளையத்தை ஒட்டியுள்ள அரசு ராஜாஜி மருத்துவமனை முன்பு எர்ஸ்கின் மருத்துவமனை எனப்பட்டது. அதன் கண் பிரிவுக்குத் தலைமை வகித்த டாக்டர் கோ. வெங்கடசாமி, ஓய்வுக்குப்பின் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சத்துக்குறைவால் கண்ணிழக்கும் குழந்தைகள் அவரது நீண்டநாள் கவலையாக இருந்தனர். 1970 முதல் இந்திய அரசும் சிறார்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிக அளவு வைட்டமின் ஏ வழங்கி வந்தது. நோக்கம் பார்வையைக் காப்பதே.

அச்சத்து உயிரையும் காக்கும் என்பதை 1986இல் இந்தோனேசியாவின் அச்சே மாநில ஆய்வு காட்டியது. ஆல்ஃபிரட் சோமர் குழுவினர் மருந்து கொடுத்த ஊர்களில் சிறார் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. உலகம் எளிதில் நம்பவில்லை. வேறிடங்களிலும் நிரூபிக்கச் சொன்னது.

அந்தப் பொறுப்பை ஏற்றவர்களில் மதுரையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாஹ் குழுவினரும் அடங்குவர். தமிழகக் கிராமங்களின் 15,419 சிறார்களிடம் தன்னார்வலர்கள் ஓராண்டு காலம் வாரந்தோறும் மருந்தைக் கொண்டு சேர்த்தனர். ஒரு பிரிவினருக்கு அதில் வைட்டமின் ஏ சேர்க்கப்பட்டது. மறு பிரிவினருக்குச் சேர்க்கப்படவில்லை. 1990இல் வெளியான முடிவில், முதற்பிரிவில் இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. குடல், மூச்சுப்பாதை ஆகியவற்றின் உட்தோலை இச்சத்து காப்பதால், வயிற்றுப்போக்கையும் தட்டம்மையையும் உடல் தாங்குகிறது.

2003இல் வெளியான மற்றோர் ஆய்வில், பிறந்த இரு நாட்களுக்குள் மருந்து பெற்ற சிசுக்களிடம் ஆறு மாதம் வரையிலான இறப்பு 22 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் பிற நாடுகளின் ஆய்வுகள் இதே பலனைக் காட்டாததால், சிசுக்களுக்கு அது பொதுவான பரிந்துரையாகவில்லை. ஓர் ஆய்வு எவ்வளவு நம்பிக்கை தந்தாலும், மறு ஆய்வால் சோதிப்பதே அறிவின் நேர்மை.

1990ஆம் ஆண்டின் ஆய்வில் நாம் கவனிக்க வேண்டியது மருந்தின் அளவு. அன்றாட உணவிலிருந்தே பெறத்தக்க சிறு அளவுதான் அது. முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை, குர்பானி நாளில் நாம் சமைக்கும் ஈரல் ஆகியவற்றில் அது உண்டு. நம் அடுப்பங்கரையில் இருப்பதைக் குழந்தையின் தட்டில் வைக்கத் தவறினால், அது வறுமையால் மட்டும் நேர்ந்த குறையன்று.

நோய்க்குச் சிகிச்சை தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டினார்கள். ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரப்படும் வைட்டமின் ஏ திரவத்தைத் தயக்கமின்றிக் கொடுப்போம். அளவு மீறினால் இச்சத்தே தீங்காகும். ஆகவே சுகாதார ஊழியர் சொல்லும் அளவைத் தாண்ட வேண்டாம். குழந்தைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் கண்ணும் உயிரும் அந்த அமானிதத்தில் அடங்கும்.